திருடப் போன இடத்தில் ஓட்டையை அடைத்தேன்

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், பேக்எண்ட் டெவலப்பர் என்பேன். கேட்டவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அப்படின்னா என்பார். ஓட்டலில் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறவன் ஒருத்தன், உள்ளே அடுப்படியில் வேர்த்து நிற்கிறவன் இன்னொருத்தன், நான் இரண்டாவது ஆள் என்று இருபது வருஷமாக ஒரே விளக்கத்தைச் சொல்லிவருகிறேன். என் சித்தப்பா ஒருவர் மட்டும் அதைக் கேட்டுவிட்டு, "சமையல் வேலைன்னே பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கலாமேடா, அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார்.

உண்மையில் விஷயம் எளிமையானது. நீங்கள் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்குகிறீர்கள். அது எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கே ஒரு நிரல் உங்களை யாரென்று பார்த்து, கேட்டதைத் தேடி எடுத்து, திருப்பி அனுப்புகிறது. அந்த நிரலை எழுதுகிறவன் நான். ஒழுங்காக ஓடினால் நான் ஒருத்தன் இருப்பது யாருக்கும் தெரியாது. ஓடாவிட்டால் உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். புகழுக்கு ஆசைப்படுகிறவன் வரக்கூடாத தொழில்.

எங்கள் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. முன்பு நட்டும் போல்ட்டும் செய்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம். மழை பெய்தால் வாசலில் முழங்கால் தண்ணீர், உள்ளே எங்கள் டேட்டா எல்லாம் மேகத்தில், அதாவது 'கிளவுடில்' இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம். சென்ற வருஷம் ஒரு நாள் காலையில் மேனேஜர் எங்கள் டீமைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாங்கள் பார்த்துவந்த புராடக்ட்டை வாடிக்கையாளர் மூடப்போகிறார், டீம் 'ரீஅலைன்' ஆகும், அதாவது கலைத்து அடுக்கப்படும் என்றார். கம்பெனிக்குள்ளேயே வேறு டீமில் இடம் பிடித்துக்கொள்கிறவர்கள் வேலையில் நீடிக்கலாம். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்லவேண்டிய இடம் வந்ததும், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

பயம் வந்தால் சிலருக்கு பிரஷர் ஏறும், சிலருக்கு சாமி நினைவு வரும். எனக்கு ஜோக் வரும். வியாதி என்றே சொல்லலாம். ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டபோது, நாற்காலிகளும் ரீஅலைன் ஆகுமா, என்னுடையதில் ஒரு சக்கரம் ஆடுகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். நான் அசையாமல் இருந்ததில் விளக்கு அணைந்துவிட்டது. நாற்பத்தேழு வயது மனுஷன் இருட்டில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டி, நான் இன்னும் இருக்கிறேன் என்று ஒரு விளக்குக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

சேக்காட்டில் கடன் தீராத ஃபிளாட், பிளஸ் ஒன் படிக்கும் மகள், குமணன்சாவடி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இரண்டு பஸ் மாறி வீடு வரும் மனைவி. என் பயத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இடம் காலி என்று அறிவித்தது ஒரே ஒரு டீம்தான். செக்யூரிட்டி டீம். அதாவது சைபர் செக்யூரிட்டி. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி இல்லை. அதை என் மனைவிக்கு விளக்கவே ஒரு ராத்திரிச் சாப்பாடு ஆனது. கம்பெனிகளின் மென்பொருளில் திருடன் நுழைகிற மாதிரி நுழைந்து பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்லுகிற வேலை. உள்ளேயிருந்தே இரண்டு பேரை எடுப்பார்கள், ஒரு பரிட்சை உண்டு.

இந்த வேலைமேல் எனக்கு இருந்த ஆசை பயத்தில் முளைத்தது அல்ல. பழைய ஆசை. ஒரு புது சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால் போதும், கொஞ்ச நேரத்தில் உலகத்தின் ஏதேதோ மூலையிலிருந்து யார் யாரோ வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆட்கள்கூட இல்லை, பெரும்பாலும் இயந்திரங்கள். பெயர் அட்மின் என்பார்கள், பாஸ்வேர்டும் அட்மின் என்பார்கள். திறக்காவிட்டால் அடுத்த வீடு. அத்தனையும் வரிவரியாகப் பதிவாகும், அதை லாக் என்போம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது நான் லாக் பார்ப்பேன். பால்கனியில் நின்று தெருவை வேடிக்கை பார்க்கும் சுகம் அது.

என் பக்கத்து இருக்கையில் ஒரு நூம்பல்காரன் இருந்தான். முப்பது வயது. நூம்பலில் அவர்கள் குடும்பத்து வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வாடகை வீடாகி, இவன் பொழுதுபோக்குக்கு நிரல் எழுத வந்தவன் மாதிரி இருப்பான். ஆனால் கெட்டிக்காரன். நான் லாக் பார்ப்பதைப் பார்த்து, ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதுபோல, "இன்னா அண்ணாத்தே, இன்னிக்கு எவனாச்சும் மாட்னானா?" என்று தினம் கேட்பான். பரிட்சைக்கு அவனும் பெயர் கொடுத்தான். ஏன்டா, உனக்கு இது தேவையா என்றேன். "சும்மா ஊட்ல குந்திகினு வாடக வாங்குனா பொண்ணு குட்க மாட்றாங்க அண்ணாத்தே" என்றான். நியாயமாகத்தான் இருந்தது.

படிக்க ஆரம்பித்தேன். ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள், ஒரு கையால் மேலே பிடித்துத் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையில் போனில் பாடம் பார்ப்பேன். இருபது வயதுப் பையன்கள் அமெரிக்க உச்சரிப்பில் ஓட்டை போடச் சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் தம்பி மனைவியின் வாட்ஸப்பைப் படிக்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எதுக்கு சார் படிக்கிறீங்க என்றார்.

பயமும் படிப்பும் சேர்ந்தால் மனுஷன் வீட்டில் இருப்பவர்களைத்தான் முதலில் படுத்துவான். வீட்டு வைஃபை பாஸ்வேர்டை ஒரு முழ நீளத்துக்கு மாற்றினேன். மகள் அதை ஒரு தாளில் பார்த்துவிட்டு, "அப்பா, இது பாஸ்வேர்டா, கோலமா?" என்றாள். டிவி ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அதை ஏற்ற முயன்று என் மனைவி மூன்றாவது தடவை தப்பானதும், எதிர் ஃபிளாட்டின் வைஃபையைப் போட்டுக்கொண்டாள். அந்தப் பாஸ்வேர்ட் அவர்கள் கதவு எண்ணும் குழந்தையின் பெயரும்தான் என்று நானே கண்டுபிடித்து, மாற்றச் சொல்லி அவர்களை எச்சரித்திருந்தேன். மாற்றவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சீரியல் ஓடியது அவர்களுடைய அலட்சியத்தில்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு வந்தது. வயதான மூளையில் எதுவும் ஏறாது என்று நானே ஜோக்கடித்துக்கொண்டிருந்தாலும், பயிற்சிக்கென்று கட்டி வைத்திருக்கும் பொய் வலைத்தளங்களில் ஒவ்வொன்றாக உள்ளே போக ஆரம்பித்தேன். இருபது வருஷம் கதவு செய்தவனுக்கு எந்தக் கதவில் எந்தக் கீல் ஆடும் என்று தெரியாதா. மனைவியிடம் ஒரு நாள், கிடைச்சிடும்னு நினைக்கிறேன் என்று ஜோக் இல்லாமல் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

பரிட்சை ஒரு வெள்ளிக்கிழமை காலை. மாநாட்டு அறை ஒன்றில் ஏழு பேர் உட்கார்ந்தோம். என்னைத் தவிர எல்லாரும் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். செக்யூரிட்டி டீமின் தலைவி மதுரைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் திருத்தமாகப் பேசுவார். அவர் விளக்கினார். ஒரு செருப்புக் கடை வலைத்தளம் இருக்கிறது. பொய்க் கடை. வேண்டுமென்றே அதில் மூன்று ஓட்டைகள் விட்டிருக்கிறது. ஒன்று வழியாகப் போனால்தான் அடுத்தது தெரியும். மூன்றையும் தாண்டினால் சர்வரின் உள்ளறைக்குப் போகலாம். அங்கே ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி ஒளித்து வைத்திருக்கிறது. அதற்குக் கொடி என்று பெயர். அந்த வரியை எடுத்துவந்து முதலில் காட்டும் இரண்டு பேருக்கு வேலை. ஏழு பேருக்கும் ஒரே சர்வர்தான், ஆளுக்கொன்று தர பட்ஜெட் இல்லை, அதனால் யாரும் மற்றவர்களுக்கு இடைஞ்சல் பண்ணாமல் செய்யுங்கள் என்றார்.

முதல் ஓட்டை, பெயர் கேட்கும் கட்டத்தில் இருந்தது. பெயருக்குப் பதில் டேட்டாபேஸ் கட்டளையின் ஒரு துண்டை எழுதினால் அது நம்பி உள்ளே விட்டது. இரண்டாவது, ஆர்டர் எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவர் ஆர்டரைக் காட்டியது. கடை முதலாளியின் கணக்கு அதில் கிடைத்தது. மூன்றாவது, முதலாளி படம் ஏற்றும் இடம். படத்துக்குப் பதில் ஒரு சின்ன நிரலை ஏற்றினால், அதன் வழியாக சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து கட்டளை போடலாம். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நூம்பல்காரன் இன்னும் ஆர்டர் எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அதற்கும் பின்னால். நான் முதலில் உள்ளே வந்திருந்தேன்.

கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். வந்தது. அதில் கொடியும் இருந்தது, வெட்ட வெளிச்சமாக, பெயரோடு. ஒரே ஒரு கட்டளை அடித்தால் அந்த வரி என் திரையில் வந்திருக்கும்.

அதற்கு மேலே இருந்த கோப்பு, அந்தக் கடையின் நிரல். சும்மா பார்ப்போமே என்று திறந்தேன்.

எப்படிச் சொல்வது. உங்கள் நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள், சுவரில் படம் கோணலாக மாட்டியிருக்கிறது, உங்கள் கை போகுமா போகாதா. அந்த நிரல் அப்படி இருந்தது. பயனர் எழுதுவதை அப்படியே அள்ளி டேட்டாபேஸ் கட்டளைக்குள் ஒட்டியிருந்தான் எவனோ. சரிபார்ப்பு இல்லை, வடிகட்டல் இல்லை. இருபது வருஷமாக இந்த மாதிரி வரியைப் பார்த்தால் எனக்கு முதுகுத்தண்டில் ஒன்று ஓடும். இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறான் என்று அந்த ஆள்மேல் கோபம் வந்தது. கொடி எங்கே ஓடிவிடப் போகிறது, இதை ஒரு நிமிஷத்தில் சரிபண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்தான். விரல்கள் முதல் வரியைத் திருத்தி முடித்திருந்தன.

முதல் ஓட்டையை அடைத்ததும் இரண்டாவது கண்ணில் பட்டது. அதை அடைத்தேன். ரயிலில் தொங்கிக்கொண்டு படித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அடைக்கும் சுகத்தில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. படங்கள் சேரும் கோப்புறையில் படமல்லாத ஏதோ ஒன்று கிடந்தது. எவனோ திருட்டுப் பயல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று அதையும் அழித்தேன். ஏற்றியது நான்தான். கடைசியாக, படம் ஏற்றும் இடத்தில் படத்தைத் தவிர எதையும் ஏற்காதபடி எழுதினேன். எழுதி முடித்து, மேலே ஒரு குறிப்பும் சேர்த்தேன். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், யார் மாற்றியது என்று அடுத்தவனுக்குத் தெரியவேண்டும் என்பது எங்கள் தொழிலின் ஒழுக்கம். மூன்று ஓட்டைகளின் விவரம், அன்றைய தேதி, என் இனிஷியல். சேமித்தேன்.

கோப்பு மாறினால் கடை தானாக மூடித் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். மூடித் திறந்தது, அதுவரை உள்ளே ஓடிக்கொண்டிருந்த என் சின்ன நிரலும் அதோடு போனது. என் திரை அப்படியே நின்றது. நான் உள்ளே வந்த வழி, நான் அடைத்த வழி. இப்போது உலகத்தில் யாராலும் அந்தக் கடைக்குள் நுழைய முடியாது, நான் உட்பட.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது முதலில் செய்தது, அவசர அவசரமாக ஒரு வாய் தண்ணீர் குடித்ததுதான். பிறகு பைத்தியக்காரன் மாதிரி பெயர் கேட்கும் கட்டத்தில் பழைய தந்திரத்தையே மறுபடி மறுபடி அடித்தேன். நான் எழுதிய பூட்டு, நல்ல பூட்டு. அசையவில்லை. வேறு வழி ஏதாவது விட்டிருப்பேனா என்று என்னையே நம்பிக் கொஞ்ச நேரம் தேடினேன். விடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்தது அன்றைக்குத்தான்.

சுற்றிலும் முணுமுணுப்பு கிளம்பியது. உள்ளே போயிருந்தவர்கள் வெளியே விழுந்திருந்தார்கள். திறந்திருந்த ஓட்டை இப்போது இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். தலைவி எழுந்து வந்து தன் கணினியில் சர்வரைத் திறந்தார். நிரலைத் திறந்தார். படித்தார். நான் மேஜைக்கடியில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது.

"சார்," என்றார் தலைவி. "இதுல உங்க இனிஷியல் இருக்கு."

எனக்கு ஜோக் வந்தது. வராமல் இருக்குமா. "திருடன் விசிட்டிங் கார்டு வச்சிட்டுப் போற மாதிரிதான் மேடம்" என்றேன். நூம்பல்காரன் மட்டும் 'புஸ்' என்று ஒரு சிரிப்பை மூக்கில் விட்டான். தலைவி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திரும்பவும் ஒரு தடவை நிரலை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "நல்லா சரி பண்ணியிருக்கீங்க" என்றார். "ஆனா கொடிய எடுத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

அவர் போய் யாருக்கோ போன் பண்ணினார். அந்தப் பொய்க் கடையைக் கட்டியவன் போன மாதம் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டானாம். பழைய நிரலின் நகல் யாரிடமும் இல்லையாம். செக்யூரிட்டி டீமிடம் ஒரு பேக்கப் கிடையாதா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. எல்லாருக்கும் டீயும் சமோசாவும் வந்தன. தலைவி என் பக்கத்தில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், மத்தவங்க எக்ஸாம் நின்னு போச்சு. என்ன மாத்துனீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். பழையபடி ஆக்கிக் குடுத்துருங்களேன்."

"அப்ப நானும் திரும்ப எழுதலாமா?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜோக் இல்லாத குரல்.

"நீங்க கோட் முழுக்கப் பாத்துட்டீங்களே சார். மத்தவங்களுக்கு அது நியாயம் இல்லல்ல?"

நியாயம் இல்லைதான். அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. தப்பு தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அந்தத் தெம்பாவது மிஞ்சியிருக்கும்.

அவர் தன் கணினியை என் பக்கம் திருப்பி, சர்வரின் சாவியைக் கொடுத்தார். இந்தத் தடவை நான் முன்வாசல் வழியாக, அனுமதியோடு, உள்ளே போனேன். கோப்புகளின் பட்டியல் மறுபடி வந்தது. கொடியும் அங்கேயே இருந்தது. திறந்து பார்த்தேன், தலைவி தடுக்கவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் குழப்பம். படித்தால் வாயில் நுழையாது. அர்த்தம் ஒன்றும் கிடையாது.

பிறகு ஓட்டை போட உட்கார்ந்தேன். நம்புங்கள், வரவில்லை. அந்த மோசமான வரி எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடிக்க ஆரம்பித்தால் பாதியில் விரல்கள் நல்ல வரிக்குத் திரும்பிவிடுகின்றன. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் நல்லதே வந்தது. சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு நூம்பல்காரன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"இன்னா அண்ணாத்தே, கை வர மாட்டுதா?"

"போடா, பரிட்சை எழுதறவன் பாக்கக் கூடாது" என்று விரட்டினேன். அவன் நகர்ந்து போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்று சமோசா தின்றான். ஒரு வழியாக, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிக்கிற மாதிரி, மூன்று ஓட்டைகளையும் திரும்பத் திறந்தேன். என் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போக வசதியாக நானே கதவைத் திறந்து வைத்தேன் என்றும் சொல்லலாம். குறிப்பையும் இனிஷியலையும் அழித்தேன். பரிட்சை மறுபடி ஆரம்பமானது. நான் வெளியே போய், வராந்தாவில் செடித்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

மதியத்துக்குள் இரண்டு பேர் கொடியை எடுத்துவிட்டார்கள். ஒன்று, ஓட்டையைக் காணோம் என்ற அந்தப் பெண். இன்னொன்று நூம்பல்காரன். அவன் என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தபோது பரிட்சையில் தோற்றவன் மாதிரி இருந்தான்.

"எனுக்கு வாணாம்னு சொல்லிட்டா, உனுக்குக் குட்பாங்களா அண்ணாத்தே?"

"மூணாவதா வந்தவனுக்குக் குடுப்பாங்கடா."

"அப்ப சொல்லலாமா வாணாமா?"

"வாயை மூடிக்கிட்டு வேலைக்குப் போ" என்றேன். "பொண்ணு பாக்க ஆரம்பி."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். எண்ணெய்க் கை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதை முழு நீள நகைச்சுவையாக நடித்துக் காட்டினேன். நான் ஏற்றியதை நானே திருட்டுப் பயல் என்று திட்டி அழித்த இடத்தில் அவள் சிரித்தாள். இனிஷியல் போட்ட இடத்தில் கண்ணில் தண்ணீர் வர, சோபாவில் சாய்ந்து சிரித்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நானும் கையைக் காலை ஆட்டி இன்னும் கூட்டினேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, அப்ப வேலை?" என்றாள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன், செக்யூரிட்டி தலைவியின் முகபாவத்தைக் காட்டுவதற்காக. மெதுவாக உட்கார்ந்தேன். மகளுக்குப் பரிட்சை நேரம், அவளிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் தீர்மானித்தோம். அந்த வீட்டில் அன்றைக்குத் தீர்மானிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

மனிதவளத் துறையிலிருந்து கூப்பிட்டார்கள். நானாக ராஜினாமா கொடுத்தால் சான்றிதழ் நல்லபடியாக இருக்கும் என்று ஒரு இளைஞர் மிகவும் இனிமையாகச் சொன்னார். கொடுத்தேன். நோட்டீஸ் காலத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லை. வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு, என் வயதைப் பார்த்ததும் வீடியோ அழைப்பில் குரல் மாறுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் செக்யூரிட்டி தலைவி வந்தார். அடுத்த பரிட்சைக்குப் புதிதாக ஒரு பொய்க் கடை வேண்டும், கட்டித் தர முடியுமா என்றார். இந்தத் தடவை பத்து ஓட்டை.

சம்மதித்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட மேல். ஒரு மளிகைக் கடை கட்டினேன். காலையில் வந்ததும் ஓட்டை போட ஆரம்பிப்பேன். பழகப் பழகக் கை வந்தது. இருபது வருஷத்தில் எங்கள் டீம் எங்கெங்கே சறுக்கும் என்று பார்த்தவன்தானே, அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். தலைவி பார்த்துவிட்டு, "ரொம்ப இயல்பா இருக்கு சார். வேணும்னே விட்டதுன்னு யாருக்கும் தோணாது" என்றார். வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே மனசுக்கு நெருக்கமானது அதுதான் என்றால் என் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளன்று ஒரு குறும்பு தோன்றியது. பத்து ஓட்டைகளை அவரிடம் விளக்கினேன். யாருக்கும் சொல்லாமல் பதினொன்றாவது ஒன்றையும் விட்டுவைத்தேன். யாருக்கும் கெடுதல் இல்லை, பொய்க் கடை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சந்து அந்தக் கட்டடத்தில் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினேன். அம்பத்தூர் தாண்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. தலைவிக்கு எழுதலாம் என்றால் கம்பெனி மெயில் அதற்குள் மூடப்பட்டிருந்தது. நூம்பல்காரனைப் போனில் கூப்பிட்டு, இன்ன கோப்பில் இன்ன இடத்தில் ஒன்று இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடு என்றேன். இரு, பார்க்கிறேன் என்றான். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அண்ணனூர் வந்து போனது.

"அண்ணாத்தே, ஓட்டையே இல்லியே."

"சரியா பாருடா. தள்ளுபடி கூப்பன் போடற இடம்."

"அதான் பாத்துகினு கீறேன். கீழ இன்னொரு வரி போட்டு நீயே அடச்சி வச்சிகீற."

எப்போது அடைத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. சாப்பிட்டியா அண்ணாத்தே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஆவடியில் இறங்கிப் படியேறும்போது மனைவி போனில் கூப்பிட்டாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் பட்டாபிராம், பட்டாபிராம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கிளம்பிட்டீங்களா என்றாள். வந்துவிட்டேன் என்றேன். பின்னால் டியூஷன் முடிந்து வந்த மகளின் குரல் எதையோ கேட்டது.

"பாப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஒரு ஜோக்குக்காக உள்ளே துழாவினேன். எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் ஏதாவது ஒன்று கிடக்கும். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவள் கேட்டது எனக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகக் கேட்டிருந்தது.

"ஒரே ஆட்டோ சத்தம், ஒண்ணும் கேக்கல" என்றேன். "வீட்டுக்கு வந்து பேசறேன்."